பில் போடும்போது கரண்ட் போனால்: ஒரு சின்ன கிளினிக்குக்கு தின் கிளையன்ட் போட்ட கதை

திரையில் "அன்ரெகக்னைஸ்டு டேட்டாபேஸ் ஃபார்மட்" என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் மென்பொருள் மூடிக்கொள்ளும். மறுபடி திறந்தால் மறுபடி அதே பெட்டி. திண்டுக்கல்லில் எங்கள் குடும்ப டாக்டரின் கிளினிக்கில் மாதம் ஒருமுறையாவது இது நடந்துகொண்டிருந்தது. வெளியே அறுபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் நடக்கும். ரிசப்ஷன் அக்கா எனக்கு ஃபோன் போடுவார்: "தம்பி, திரும்பவும் புட்டுக்கிச்சு."

எனக்கு ஒரு நூற்பாலையில் சிஸ்டம் பார்க்கும் வேலை. சாயங்காலம் போய் முந்தைய நாள் நகலைப் போட்டு, விட்டுப்போன பில்களை அக்காவோடு உட்கார்ந்து திரும்ப ஏற்றிவிட்டு வருவேன். மூன்று வருடம் இப்படியே ஓடியது. போன வருடம் டாக்டரே கேட்டார்: "ஆறு சிபியுவையும் புதுசா மாத்திட்டா சரியாயிடுமாப்பா?"

ஆகாது. அதைச் சொல்லித்தான் இந்த வேலை தொடங்கியது.

டாக்டர் சார் குழந்தை மருத்துவர், டாக்டர் அம்மா மகப்பேறு மருத்துவர். ரிசப்ஷன், இரண்டு டாக்டர் அறைகள், ஸ்கேன் அறை, லேப், மெடிக்கல் என்று ஆறு இடத்தில் கம்ப்யூட்டர். எல்லாம் விண்டோஸ் 7 காலத்துப் பெட்டிகள். மென்பொருள் அதைவிடப் பழசு. விஷுவல் பேசிக் (விபி) 6-இல் யாரோ எழுதிக் கொடுத்தது, தகவல்கள் மைக்ரோசாஃப்ட் அக்சஸ் என்ற தரவுத்தளக் கோப்பில். எழுதியவர் இப்போது இந்தத் தொழிலிலேயே இல்லை. 12 வருடத்து நோயாளிகளின் விவரம் அதற்குள் இருக்கிறது.

நோய் எங்கே என்றால், அந்த அக்சஸ் கோப்பு ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் ஒரு ஷேர்டு ஃபோல்டரில் கிடந்தது. மற்ற ஐந்து கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாக அதைத் தாங்களே திறந்து, தாங்களே உள்ளே எழுதின. நடுவில் காவலாள் யாரும் இல்லை. மெடிக்கலில் தம்பி பில் போட்டுக்கொண்டிருக்கிறான், கரண்ட் போகிறது; இன்வெர்ட்டர் லைன் ரிசப்ஷனுக்கு மட்டும்தான். மெடிக்கல் பெட்டி அணைகிறது. எழுத வந்ததில் பாதி கோப்பில், பாதி காற்றில். கோப்பு கெட்டுவிடும், அந்த ஓகே பெட்டி வந்து நிற்கும். புதுப் பெட்டி வாங்கி வைத்தாலும் கரண்ட் போனால் இதேதான்.

நல்ல வழி, பிரவுசரில் ஓடும் புது மென்பொருளுக்கு மாறுவது. அதைச் சொன்னேன். அம்மா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். அவர் கைக்கு அந்தப் பழைய திரை பழகிவிட்டது. எந்தக் கட்டத்துக்கு எத்தனை டேப் என்பது விரலுக்குத் தெரியும். நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறவரிடம் போய்ப் புதுத் திரையைப் பழகச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

ஆகவே மென்பொருள் அப்படியே இருக்கட்டும், அது ஓடும் இடத்தை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். ஒரே ஒரு சர்வர். மென்பொருளும் கோப்பும் அதற்குள்ளேயே. மேஜைமேல் இருப்பது திரையைக் காட்டி, விசை அழுத்தத்தை அனுப்பும் சின்னப் பெட்டி மட்டும்; அதற்குத்தான் தின் கிளையன்ட் என்று பெயர். பெட்டி அணைந்தாலும் சர்வருக்குள் அந்த ஆளின் செஷன், அதாவது அவர் திறந்து வைத்ததெல்லாம், ஓடிக்கொண்டுதான் இருக்கும். கோப்பில் எழுதுகிற கை சர்வருக்குள்ளேயே இருப்பதால் பாதியில் அறுந்துபோக வழியில்லை. தின் கிளையன்ட் என்றாலே விலை குறைவு என்றுதான் பேசுவார்கள். எனக்கு அதைவிட இதுதான் பெரிதாகப் பட்டது.

பெட்டிகளை சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். கம்பெனிகள் கழித்துவிட்ட ஹெச்பி டி620. ஏஎம்டி புராசஸர், 4 ஜிபி ராம், 16 ஜிபி எஸ்எஸ்டி, விசிறி கிடையாது. ஒன்று 3,500 ரூபாய். ஆறு வேண்டும், ஒன்று உபரி, ஆக ஏழு. சந்தோஷமாகப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிய பிறகுதான் உறைத்தது: டி620-இல் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும்தான், கிளினிக்கில் இருக்கும் மானிட்டர் எல்லாம் விஜிஏ. மாற்றிக்குத் தனிச் செலவு. மானிட்டரின் பின்பக்கத்தை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கொண்டு போயிருந்தால் தீர்ந்திருக்கும்.

சர்வர் என்று பெரிய பெயர் சொன்னாலும் அதுவும் கழித்துவிட்ட ஆபீஸ் டெஸ்க்டாப்தான். எட்டாம் தலைமுறை ஐ5, ராமை 32 ஜிபி ஆக்கினேன், ஒன்றுக்கொன்று நகலாக இரண்டு புது எஸ்எஸ்டி. ஆறு பேர் பழைய விபி மென்பொருளும் ஒரு பிரவுசரும் ஓட்ட இது தாராளம். வாங்கும்போது நெட்வொர்க் சிப்பை மட்டும் கவனித்துப் பார்த்து வாங்கினேன். இன்டெல் ஐ219-இல் எல்எம் என்றும் வி என்றும் இரண்டு வகை உண்டு. வி வகைக்கான டிரைவர் விண்டோஸ் சர்வரில் நேராக ஏறாது, முரண்டு பிடிக்கும்.

அடுத்தது லைசென்ஸ். இங்கேதான் டாக்டரோடு ஒரு சின்ன வாக்குவாதம். சாதாரண விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ரிமோட் டெஸ்க்டாப்பில், அதாவது நெட்வொர்க் வழியாக அதன் திரையில், உட்கார முடியும். அதை ஏமாற்றிப் பல பேரை உட்கார வைக்கும் ஒட்டுவேலைகள் இருக்கின்றன. "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாமே" என்றார். பண்ணுகிறார்கள்தான். முறைகேடு என்பது ஒரு பக்கம். மைக்ரோசாஃப்ட் ஒரு அப்டேட் அனுப்பி, அந்த ஒட்டுவேலை கைவைத்த டிஎல்எல் கோப்பு மாறினால், திங்கட்கிழமை காலை ஆறு பேரும் வெளியே நிற்பார்கள். மறுபடி எனக்குத்தான் ஃபோன் வரும். "அப்ப முறையாவே வாங்கிடு" என்றார்.

முறைப்படி வாங்கினால் மூன்று அடுக்கு: விண்டோஸ் சர்வர், அதற்கான சிஏஎல் (சர்வரைப் பயன்படுத்தும் உரிமம்), அதற்கு மேல் ரிமோட் டெஸ்க்டாப்புக்கென்று தனி சிஏஎல். இந்த சிஏஎல் ஆள்கணக்கிலும் உண்டு, கருவிக்கணக்கிலும் உண்டு. கிளினிக்கில் ஷிஃப்ட் சேர்த்து பதினோரு பேர், கருவிகள் டாக்டரின் லேப்டாப்பையும் சேர்த்து ஏழு. ஆகவே கருவிக்கணக்கு. சர்வர் 2022 எடுத்தேன். அதற்கு 2031 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, எங்கள் பழைய பெட்டிகள் 11-ஐ ஏற்காது.

செலவில் இந்த லைசென்ஸ்தான் பெரிய துண்டு. மற்ற எல்லாவற்றையும் கூட்டினாலும் அதைத் தொடவில்லை. உங்கள் மென்பொருள் லினக்ஸில் ஓடுமானால் எக்ஸ்ஆர்டிபி என்ற இலவச ரிமோட் டெஸ்க்டாப் நிரலைப் போட்டு இந்தக் காசை அப்படியே மிச்சம் பிடிக்கலாம். பிரவுசரில் ஓடுமானால் ரிமோட் டெஸ்க்டாப்பே தேவையில்லை, டி620-இலேயே பிரவுசரைத் திறந்துவிடலாம். பழைய விண்டோஸ் மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குத்தான் இந்தச் செலவு.

சர்வரை என் வீட்டில் வைத்துத் தயார் செய்தேன். எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்திலிருந்து ஆளும் டொமைன் எல்லாம் வேண்டாம், சாதாரண வொர்க்குரூப் போதும். செஷன் ஹோஸ்ட், லைசென்சிங் இரண்டு ரோலையும் ஏற்றிவிட்டு, லைசென்ஸ் சர்வர் எது, என்ன கணக்கு என்பதை விண்டோஸின் குரூப் பாலிசி அமைப்பில் கையால் கொடுக்க வேண்டும். அவசரத்தில் ஆள்கணக்கு என்று கொடுத்துவிட்டேன். உள்ளே போனால், லைசென்ஸில் கோளாறு, 60 நிமிடத்தில் துண்டிக்கப்படுவீர்கள் என்று எச்சரிக்கை, சொன்னபடியே துண்டித்தது. டொமைன் இல்லாத இடத்தில் ஆள்கணக்கு செல்லாது. கருவிக்கணக்கு என்று மாற்றியதும் அடங்கியது. தொடக்கத்தில் 120 நாள் சலுகைக் காலம் இருப்பதால் எந்தக் கணக்கும் கொடுக்காமலேகூட வண்டி ஓடுவது போல இருக்கும். 121-ஆம் நாள்தான் தெரியும்.

கிளையன்ட் பெட்டிகளில் டெபியன் 12 என்ற லினக்ஸ். டெஸ்க்டாப் எதுவும் கிடையாது. பெட்டியை இயக்கினால் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சின்ன ஜன்னல். கொடுத்தால் ஃப்ரீஆர்டிபி என்ற ரிமோட் டெஸ்க்டாப் நிரல் முழுத்திரையில் சர்வரைக் காட்டும். வெளியேறினால் மறுபடி அந்த ஜன்னல். பத்துப் பன்னிரண்டு வரி ஸ்கிரிப்ட்தான். ஒரு பெட்டியில் செய்து, அதை அப்படியே மற்ற ஆறுக்கும் நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றினேன். டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஏஎம்டி ஃபர்ம்வேர் சேர்ந்து வருவதால் கருந்திரைத் தொல்லை இல்லை. ஃப்ரீஆர்டிபி தன் லைசென்ஸ் கோப்பை எழுதி வைக்கும் ஃபோல்டரை மட்டும் அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை மொத்தமாகப் படிக்க மட்டும் என்று பூட்டிவிட நினைப்பவர்களுக்கு இது.

இரண்டு பெட்டிகள் வம்பு செய்தன. ஒன்றில் நிறுவல் முடிந்தும் பூட் ஆகவில்லை. பெட்டியை எழுப்பும் நிரலான பயாஸ் இந்த வகையில் சில நேரம் தான் எதிர்பார்க்கும் பொது இடத்தில்தான் பூட் கோப்பைத் தேடும். டெபியன் நிறுவியில் அதை "ரிமூவபிள் மீடியா" இடத்திலும் சேர்த்து எழுதச் சொல்லும் கேள்விக்கு ஆம் சொன்னதும் எழுந்துவிட்டது. இன்னொன்று ஒவ்வொரு முறையும் பழைய வருடத்துத் தேதியைக் காட்டியது. உள்ளே பட்டன் பேட்டரி செத்திருந்தது. ஏழிலும் புதுசு போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு இடத்திலும் மாற்றி வைத்தோம். சர்வர் ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு பூட்டுப் போட்ட அலமாரியில். கதவில் காற்றுக்கு ஓட்டை போட்டு, உள்ளே தனியாக 1 கேவிஏ யுபிஎஸ். எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேரும் ஸ்விட்சும் அதே யுபிஎஸ்ஸில். இதை மறந்துவிடாதீர்கள், சர்வர் உயிரோடு இருந்து ஸ்விட்ச் செத்தால் யாரும் உள்ளே போக முடியாது.

திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குள் மூன்று பிரச்சினை.

முதலாவது பயங்கரமானது. மெடிக்கலில் தம்பி பில்லை அச்சடித்தால் லேப் ரிப்போர்ட் வருகிறது. ஒரு குழந்தையின் மருந்துப் பில்லுக்குப் பதில் இன்னொருவரின் சர்க்கரை அளவு. எனக்கு வியர்த்துவிட்டது. காரணம் புரிந்ததும் சிரிப்புதான் வந்தது. அந்த மென்பொருள் அச்சடிக்கும் முன் எல்லாவற்றையும் தன் ஃபோல்டரிலேயே ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகு அதைப் பிரிண்டருக்கு அனுப்புகிறது. முன்பு ஆறு கம்ப்யூட்டர், ஆறு ஃபோல்டர். இப்போது எல்லாரும் ஒரே கம்ப்யூட்டரில். இருவர் ஒரே நொடியில் அச்சடித்தால் பிந்தியவர் முந்தியவர் மேல் எழுதிவிடுகிறார். மூல நிரல் கையில் இல்லை. ஒவ்வொருவருக்கும் மென்பொருள் ஃபோல்டரைத் தனித்தனி நகலாகக் கொடுத்து, அக்சஸ் கோப்பின் பாதையை மட்டும் எல்லாருக்கும் பொதுவாக வைத்தேன். அன்றிலிருந்து கலக்கவில்லை. ஒரு ஆளுக்கென்று எழுதிய மென்பொருளைப் பல பேர் உட்காரும் சர்வரில் ஏற்றுகிறீர்கள் என்றால், இருவரை ஒரே நேரத்தில் அச்சடிக்கச் சொல்லிப் பார்க்காமல் திறப்பு விழா நடத்தாதீர்கள். நான் வீட்டில் தனியாளாகத்தான் சோதித்திருந்தேன்.

இரண்டாவதும் பிரிண்டர்தான். ரிசப்ஷனில் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று, டோக்கனுக்கு சின்ன தெர்மல் பிரிண்டர் ஒன்று. முதலில் ஃப்ரீஆர்டிபியின் பிரிண்டர் பகிர்வையே நம்பியிருந்தேன். அது எல்லாவற்றையும் படமாக்கி அனுப்ப, டாட் மேட்ரிக்ஸ் ஒரு பில்லை ஒன்றரை நிமிடம் கரகரவென்று வரைந்துகொண்டிருந்தது. வரிசையில் நின்ற பாட்டி ஒருவர் "பழைய மிஷினே தேவல" என்றார். அதைக் கழற்றிவிட்டு, கிளையன்ட்டில் பி910என்டி என்ற குட்டி நிரலைப் போட்டேன். யுஎஸ்பி பிரிண்டரை நெட்வொர்க்கில் 9100-ஆம் போர்ட்டில் நிற்க வைப்பது ஒன்றுதான் அதன் வேலை. சர்வரில் அந்த முகவரிக்குப் பிரிண்டரின் சொந்த டிரைவரைக் கொடுத்தால், எழுத்து எழுத்தாகவே போகிறது. நாலு நொடியில் பில். அந்தக் கிளையன்ட்டில் லினக்ஸின் வழக்கமான பிரிண்டர் நிரலான கப்ஸை ஏற்றி வைத்திருந்தால் அது யுஎஸ்பியைப் பிடுங்கிக்கொள்ளும், நீக்கிவிடுங்கள்.

இதிலும் ஒரு வால் இருந்தது. மறுநாள் பெட்டியை அணைத்துப் போட்டதும் பில் டோக்கன் பிரிண்டரில் வந்தது, இரண்டு அங்குல அகலத்தில். எந்தப் பிரிண்டர் முதலில் கண் விழிக்கிறதோ அது பூஜ்யம், அடுத்தது ஒன்று என்று லினக்ஸ் எண் கொடுக்கிறது. கம்பெனி எண்ணைப் பார்த்து நிலையான பெயர் வைக்கும்படி, லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் சூட்டும் யுடெவ்வுக்கு இரண்டு வரி விதி எழுதியதும் சரி. கூடவே விண்டோஸில் "டீஃபால்ட் பிரிண்டரை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று முந்திக்கொள்ளும் அமைப்பையும் ஒவ்வொருவர் பெயரிலும் அணைத்தேன்.

மூன்றாவது பிரச்சினைக்கு மெடிக்கல் தம்பி என்னைக் கூப்பிட்டபோது முகத்தில் ஒரு மாதிரி பயம். "அண்ணே, ஸ்கேனர் தமிழ் பேசுது." பார்கோடு ஸ்கேனர் தன்னை ஒரு விசைப்பலகை என்றுதான் காட்டிக்கொள்ளும், அதனால் ரிமோட்டில் அதற்கென்று எந்த வேலையும் இல்லை. ஆனால் தம்பி அதற்கு முன் லிப்ரே ஆபீஸில் மருந்து சாப்பிடும் முறையைத் தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் தட்டிக்கொண்டிருந்தான். பில் ஜன்னலுக்கு வந்தபோதும் தமிழ் அணையவில்லை. பேட்ச் எண்ணில் கே, எல் என்று இருந்த இடத்தில் தமிழ் எழுத்துகளாக அனுப்பப்பட்டு, பழைய விபி கட்டத்தில் வெறும் கேள்விக்குறிகளாக விழுந்துகொண்டிருந்தன. தமிழ்99-இல் கே என்றால் ம, எல் என்றால் த. ஒவ்வொரு ஜன்னலுக்கும் தனித்தனி மொழியை நினைவில் வைக்கும் அமைப்பு விண்டோஸில் உண்டு, இயல்பாக அணைந்திருக்கும். அதில் ஒரு டிக். முடிந்தது.

அன்று மாலை கூட்டம் குறைந்ததும், நான் இதற்காகவே காத்திருந்த சோதனை. அக்காவைப் பாதி பில் போடச் சொன்னேன். மூன்று வரி ஏற்றியிருந்தார். "கையை எடுங்கக்கா" என்று சொல்லி, கிளையன்ட்டின் வயரைப் பிடுங்கினேன். அவர் "ஐயோ" என்று எழுந்தேவிட்டார். மறுபடி சொருகினேன். முப்பது நாற்பது நொடியில் பெயர் கேட்டது. கடவுச்சொல்லைக் கொடுத்தார். அதே பில், அதே மூன்று வரி, நாலாவது வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது வரியை அடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவுக்குப் பிடித்தது வேறொன்று. கன்சல்டிங் அறையில் பாதி எழுதியதை விட்டுவிட்டு ஸ்கேன் அறைக்குப் போய் அங்கே பெயரைக் கொடுத்தால், அவருடைய திரை அப்படியே அங்கே வந்துவிடுகிறது. ஒருவருக்கு ஒரு செஷன் என்பது சர்வரின் இயல்பான அமைப்பு. நான் எதுவும் செய்யவில்லை. கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு ஸ்கேனுக்கும், கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப்படி எஃப் படிவம் நிரப்ப வேண்டும். முன்பு ஒரு தாளில் குறித்து வைத்து, இரவு மொத்தமாக உட்கார்ந்து நிரப்புவார். இப்போது நோயாளி மேஜையை விட்டு எழுவதற்குள் முடித்துவிடுகிறார். ஸ்கேன் மிஷினின் படங்களை மட்டும் இதில் சேர்க்கவில்லை. அசையும் படம் ரிமோட் டெஸ்க்டாப்பில் தட்டுத் தடுமாறித்தான் வரும். மிஷின் அதன்பாட்டில் தனியாக இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே கூடையில் வைத்துவிட்டோம் என்பது எனக்கும் தெரியும். சர்வர் படுத்தால் கிளினிக் முழுதும் படுக்கும். இரவு பதினொன்றரைக்கு எல்லாச் செஷனும் தானாக வெளியேறிவிடும். ஒரு மணிக்கு அக்சஸ் கோப்பின் நகலும், இரண்டு மணிக்கு சர்வர் முழுவதன் நகலும் வெளி டிஸ்க்குக்குப் போகும். திறந்திருக்கும் அக்சஸ் கோப்பை நகலெடுத்தால் அந்த நகலையும் நம்ப முடியாது, அதனால்தான் வெளியேற்றுவது. சனிக்கிழமை ஒரு டிஸ்க் டாக்டர் வீட்டுக்குப் போய், பழையது வரும். அக்சஸ் கோப்புக்கு 2 ஜிபி என்று ஒரு உச்சவரம்பு உண்டு. நம்முடையது 640 எம்பி, மாதம் ஒருமுறை சுருக்கிச் சரிபார்க்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய பெட்டிகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, நகலிலிருந்து கோப்பையும் மென்பொருளையும் ஏற்றிப் பார்த்தேன். ரிசப்ஷனை மட்டுமாவது ஓட்ட ஒன்றே கால் மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் பில் புத்தகமும் கார்பன் தாளும் மேஜை டிராயரில் இருக்கின்றன.

டாக்டர் வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்றார். ரவுட்டரைத் திறந்து பார்த்தால், முன்பு யாரோ ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்டை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருந்தார்கள். 2019-இல் ப்ளூகீப் என்ற ஓட்டை வந்தபோது, இப்படித் திறந்து கிடந்த பழைய விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் கடவுச்சொல் இல்லாமலேயே நுழைய முடியும் என்று ஊரே அலறியது. அதை முதல் வேலையாக மூடினேன். இப்போது வயர்கார்டு என்ற விபிஎன் (பூட்டிய தனிப்பாதை) வழியாக மட்டும்தான் உள்ளே வர முடியும், அதுவும் டாக்டரின் லேப்டாப் ஒன்றிலிருந்து. பென்டிரைவ் எல்லா இடத்திலும் மூடியிருக்கிறது. நோயாளிகள் வெளியூர் ரிப்போர்ட்டை அதில்தான் கொண்டுவருவார்கள் என்பதால், அதற்கென்று தனியாக ஒரு பழைய லேப்டாப், நெட்வொர்க் இல்லாமல்.

ஆறு மாதம் ஆகிறது. அந்த ஓகே பெட்டியை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. வாட் மீட்டர் வைத்துப் பார்த்ததில் பழைய சிபியு ஒன்று 55 வாட் குடித்த இடத்தில் இது 9 அல்லது 10. அதனால் ஆறையும் இன்வெர்ட்டர் லைனிலேயே போட முடிந்தது. குறை என்று பார்த்தால், லேப் பெட்டியில் வாரத்துக்கு ஒருமுறை மவுஸ் உறைகிறது. கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், இன்னும் பிடிபடவில்லை.

அக்காவுக்கு மட்டும் ஒரு மனத்தாங்கல். பழைய சிபியுமேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் வருடக்கணக்காக இருந்தது. புதுப் பெட்டி ஒரு நோட்டுப் புத்தகம் அளவுதான், அதிலும் அவர் பொட்டு வைத்த இடம் காற்றோட்டத் துளைகள். விசிறி இல்லாத பெட்டி, துளையை அடைக்காதீங்கக்கா என்று துடைத்துவிட்டேன். "அப்ப இதுக்குள்ள ஒண்ணுமே இல்லையா தம்பி?" என்று கேட்டார். எல்லாம் அந்த அலமாரியில் இருப்பதுதான் என்றேன். பூஜைக்கு முந்தின நாள் ஃபோன் வந்தது. மறுபடி ஏதோ புட்டுக்கிச்சு என்று பதறி எடுத்தேன். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டார்.